முதல் வண்டி வாங்கப்போகும் செஞ்சிப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

செஞ்சியிலும் ஆலம்பூண்டி, வளத்தி, அனந்தபுரம், அவலூர்பேட்டை எனச் சுற்றுப்பட்டு ஊர்களிலும் முதல் பைக்காகப் பழைய வண்டி ஒன்றை வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்களில் பலர் கையில் இருப்பது 30,000 முதல் 50,000 ரூபாய். அதில் ஒரு பங்கு ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கம்பெனியில் ஓவர்டைம் பார்த்தது. ஒரு பங்கு அம்மா மகளிர் குழுவில் எடுத்துத் தந்தது. மல்லாட்டை விற்ற பணத்தில் அப்பா கொடுத்தது கொஞ்சம். இப்படிச் சேர்ந்த பணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அரை மணி நேரத்தில், பெட்ரோல் டேங்கின் பளபளப்பைப் பார்த்துக் கைமாறிவிடக் கூடாது என்ற கவலையில்தான் இந்த மடல் எழுதப்படுகிறது.

சொல்ல வருவது ஒன்றுதான். முதல் வண்டியை வரப்போகும் ஒரு வருஷத்தை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒரு வருஷத்தில்தான் கை கிளட்சுக்கும் கால் பிரேக்குக்கும் பழகும், கண் லாரியின் வேகத்தைக் கணிக்கப் பழகும். அதற்கு லேசான வண்டி வேண்டும், பிடித்த இடத்தில் நிற்கும் வண்டி வேண்டும், உங்கள் பெயருக்கு மாறக்கூடிய வண்டி வேண்டும். இந்த மூன்றும் அமைந்துவிட்டால் எந்தக் கம்பெனி, எந்த நிறம் என்பதெல்லாம் உங்கள் இஷ்டம்.

செஞ்சிச் சாலைகளை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்திலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 77 ஊரைக் கடந்து, ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே புகுந்து திருவண்ணாமலைக்குப் போகிறது. சாதாரண நாளில் நெல் லாரியும் டவுன் பஸ்ஸும் ஓடும் ரோடுதான். ஆனால் பௌர்ணமி ராத்திரியில் கிரிவலத்துக்குப் போகும் பேருந்துகளும் வேன்களும் விடிய விடிய இதே வழியில் போகின்றன. அமாவாசை வந்தால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம். 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. வெளியூர் வண்டிகள் கோட்டைப் பக்கம் வேகம் குறைத்துத் திடீரெனத் திரும்புவதை இனி இன்னும் அதிகமாகப் பார்ப்பீர்கள். அறுவடைக் காலத்தில் கிராமத்து ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லோ கேழ்வரகோ காயும். தார் ரோட்டில் பரப்பிய நெல்மணி மேல் டயர் ஏறினால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்பது ஓட்டிப் பழகியவர்களுக்கே பிடிபடாது. முதல் வண்டி ஓடவேண்டிய இடம் இதுதான். விளம்பரத்தில் வரும் வெறிச்சோடிய மலைப்பாதை இங்கே இல்லை.

தினசரி ஓட்டத்தையும் கணக்குப் போடுங்கள். ஆலம்பூண்டிப் பக்கத்துப் பையன் ஒருவர் திண்டிவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, போக வர நாளுக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 25 நாள், குறைந்தது 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தரும் 100 சிசி வண்டிக்கு 25 லிட்டர் போதும். 35 தரும் வண்டிக்கு 43 லிட்டர் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,800 ரூபாய் வித்தியாசம். ஒரு வருஷத்தில் 21,000 ரூபாயைத் தாண்டிவிடும். வாங்கும்போது பேரம் பேசிக் குறைத்த இரண்டாயிரம் இதன் முன்னால் எம்மாத்திரம்?

இனி எந்த வண்டி என்ற பேச்சுக்கு வரலாம்.

நம் நாட்டில் 18 வயதானவர் கியர் வண்டியில் ஓர் எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டால், மறுநாளே 100 சிசியும் ஓட்டலாம், ஆயிரம் சிசியும் ஓட்டலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அப்படி இல்லை. அங்கே தொடக்க நிலை ஏ1 உரிமத்துக்கு 125 சிசியும் 11 கிலோவாட்டும்தான் எல்லை. அடுத்த படியான ஏ2 உரிமத்துக்கு 35 கிலோவாட். இளம் வயதினர் படிப்படியாகத்தான் பெரிய வண்டிக்குப் போக முடியும். இங்கே சட்டம் அந்தப் படியைக் கட்டவில்லை. அதனால் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்: முதல் வண்டி 125 சிசிக்குள் இருக்கட்டும்.

இந்த எல்லைக்குள் செஞ்சியில் வண்டிக்குப் பஞ்சமே இல்லை. ஸ்பிளெண்டர் 1994இல் வந்த பெயர். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் எடை ஏறக்குறைய 112 கிலோ. கிளாசிக் 350 கிட்டத்தட்ட 195 கிலோ. நடுவே 80 கிலோவுக்கு மேல் வித்தியாசம், அதாவது பின்னால் ஓர் ஆளை உட்காரவைத்த கனம். சரிவான மண் ரோட்டில் கால் வழுக்கும் நொடியில் அந்தக் கனம் உங்கள் தொடைமேல் விழும். பிளாட்டினா, டிவிஎஸ் ஸ்போர்ட், ஸ்டார் சிட்டி, பேஷன், 125இல் ஷைன், கிளாமர் ஆகியவற்றுக்குக் கிராமத்து மெக்கானிக்கும் கை வைப்பார், பிரேக் ஷூவிலிருந்து கிளட்ச் கேபிள் வரை உள்ளூரிலேயே கிடைக்கும். கியர் போட விருப்பமில்லாத தங்கைகள் ஸ்கூட்டர் பார்த்தாலும் கீழே சொல்லும் சோதனைகளும் காகித வேலையும் அப்படியே பொருந்தும்.

பலருடைய மனது டியூக்கில் இருக்கிறது என்பது தெரிந்ததுதான். ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம். 200 டியூக் இந்தியாவுக்கு வந்தது 2012 ஜனவரியில். சுமார் 25 குதிரைத்திறன், ஸ்பிளெண்டரைப் போல மூன்று மடங்கு. ஆனால் 2018 கடைசி வரை இங்கே விற்ற 200 டியூக்கில், அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. இப்போது குறைந்த விலைக்கு வருபவை பெரும்பாலும் அந்தக் காலத்து வண்டிகள்தான். நான்கைந்து கை மாறி, ஒவ்வொரு கையிலும் முறுக்கப்பட்டு, ஏபிஎஸ் இல்லாமல் வரும் 25 குதிரைத்திறன் வண்டியைப் புதிதாக ஓட்டப் பழகுகிறவர் கையில் கொடுப்பது தவறு. விலை எவ்வளவு குறைந்தாலும் அது தவறுதான். நன்றாக ஓட்டத் தெரிந்த பிறகு, ஏபிஎஸ் உள்ள பின்னாள் மாடலாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம், தடையில்லை.

ஆர்எக்ஸ் 100 மோகம் இன்னொரு பக்கம். 1985 முதல் 1996 வரை வந்த வண்டி அது. இன்று கிடைக்கும் எதற்கும் வயது முப்பதை ஒட்டியிருக்கும். இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். மறுபதிவு முறையாக நடந்திருக்கிறதா, சேஸ் நம்பர் வெட்டி ஒட்டியதா என்று பார்க்கவே தேர்ந்த கண் வேண்டும். அந்தச் சத்தத்தை ரசிப்பவர்கள் ரசிக்கட்டும். தினமும் வேலைக்குப் போய்வர முதல் வண்டியாக அதை வாங்க வேண்டாம்.

மாடலைவிட வருஷம் முக்கியம். மூன்று தேதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2017 ஏப்ரல் முதல் தேதியோடு பிஎஸ்-3 புகை விதிப்படி வந்த வண்டிகளின் விற்பனையை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. சாவி போட்டு ஓடத் தொடங்கினாலே ஹெட்லைட் எரியும் ஏற்பாடும் அந்த மாதத்திலிருந்துதான் கட்டாயமானது. 2019 ஏப்ரல் முதல் விற்ற எல்லாப் புது வண்டியிலும், 125 சிசி வரை என்றால் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ், அதற்கு மேல் ஏபிஎஸ், இருந்தே ஆக வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தது. அதோடு கார்புரேட்டர் போய், கிட்டத்தட்ட எல்லா வண்டியும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் ஆனது.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். காசு இடம் கொடுத்தால் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 100 அல்லது 125 சிசி வண்டியைப் பிடியுங்கள். கால் பிரேக்கை மட்டுமே மிதிக்கும் பழக்கம் உள்ளவருக்கும் சிபிஎஸ் முன் சக்கரத்தையும் கொஞ்சம் பிடித்துக் கொடுக்கும். காசு எட்டவில்லை என்றால் 2014, 2015 மாடலுக்குப் போகலாம், தப்பில்லை. ஆனால் பிரேக் ஷூவையும் டயரையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டியூப் வெடித்திருக்கிறதா, ரப்பர் வாஷர்கள் இறுகியிருக்கின்றனவா என்றும் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

புது வண்டி விலையையும் விசாரித்து வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரியோடு 80,000 ரூபாயாக இருந்த வண்டி இதனால் 73,750க்கு வருகிறது. ஒன்றிரண்டு வருஷம் ஓடிய வண்டிக்குப் பழைய விலையை மனதில் வைத்து 65,000 சொல்கிறவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

இங்கே அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் குழுவினர் லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை தந்தார்கள். விபத்தில் சிக்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டிய பழக்கம் ஐந்து மாதத்துக்கும் குறைவு. அவர்களுக்கு மொத்தத்தில் ஓட்டிய அனுபவம் சராசரியாக மூன்று வருஷத்தை ஒட்டி இருந்தது. அப்படியும் அந்த வண்டி அவர்களுக்குப் புதிது. நூற்றுக்கு 92 பேர் முறையான பயிற்சி இல்லாமல், தானாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். ஆபத்து நேரத்தில் பலர் செய்த பிழையும் ஒன்றே: பின் பிரேக்கை அழுத்தி மிதித்துச் சறுக்கவிட்டிருக்கிறார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை.

நம் ஊரில் நடப்பதைப் பார்த்து எழுதியது போலவே இல்லையா? ஆறு மாதம் ஒரு வண்டி, பிறகு எக்ஸ்சேஞ்ச் போட்டு இன்னொன்று, நடுவில் நண்பனுடைய வண்டியை வாங்கி ஒரு ரவுண்டு. ஒவ்வொரு மாற்றத்திலும் கையும் காலும் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. ஒரே வண்டியோடு ஒரு வருஷம் இருங்கள் என்று இந்த மடல் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான். ‘முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய்’ என்று பயமுறுத்தி வளர்த்திருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது, அதனால் தார் ரோட்டில் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. ஆளில்லாத மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல இறுக்கிப் பழகுங்கள். மணலிலும் காயும் நெல்லிலும் மட்டும் முன் பிரேக்கைத் தொடும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

வண்டி பார்க்கும் நேரம் காலை. சாயங்கால வெளிச்சத்தில் பெயின்ட் கீறல்கூடத் தெரியாது. ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று விற்பவரிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாகப் புறங்கையை என்ஜின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு இருந்தால், நீங்கள் வரும் முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். ஆறும்வரை காத்திருங்கள் அல்லது மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த என்ஜின்தான் உண்மையைச் சொல்லும். இரண்டு மூன்று உதையில் பிடிக்க வேண்டும். சைலன்சரில் நீலப் புகை நின்று வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங், போர் வேலை காத்திருக்கிறது. காலையில் லேசாக வெள்ளையாக வந்து மறைந்தால் அது ஈரம்தான், பயப்பட வேண்டாம். ஐடிலில் விட்டுக் குனிந்து கேளுங்கள். இடப்பக்கம் கரகரவென்று சத்தம் விடாமல் வந்தால் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம்.

பிறகு முன் ஃபோர்க். பளபளக்கும் குழாய்மேல் கட்டைவிரலை ஓட்டுங்கள். விரலில் எண்ணெய்ப் பிசுபிசுப்போடு கறுப்பு மண் ஒட்டினால் ஆயில் சீல் போய்விட்டது. சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓர் இடத்தில் கடக்கென்று உட்கார்ந்தால் கோன் செட் தேய்ந்திருக்கிறது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறதா? ஸ்விங் ஆர்ம் புஷ். சக்கரத்தைச் சுழலவிட்டு ரிம் அலைகிறதா என்று பாருங்கள். பின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் சமமாக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி போல் கூராகியிருந்தால் செயின் செட்டே மாற்ற வேண்டும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் எல்லாம் இருந்தும் வெயிலில் வெடித்துப்போன பழைய டயர், மொட்டை டயரைப் போலவே மழையில் கைவிடும்.

மீட்டரில் 18,000 கிலோமீட்டர் என்று இருக்கும். நம்பிவிடாதீர்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வயதைக் கேட்டு மட்டும் யாரும் மாடு வாங்குவதில்லை. வண்டிக்கும் அப்படிப் பார்க்கும் இடங்கள் உண்டு: ஃபுட்ரெஸ்ட் ரப்பரின் வரிகள், பிரேக் பெடலின் விளிம்பு, கைப்பிடி, சாவித் துவாரம். 18,000 ஓடிய வண்டியில் இவை வழவழவென்று தேய்ந்திருக்க வழியில்லை.

நீங்கள் நம்பும் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப்போங்கள். அவருடைய அரைநாள் கூலியைக் கொடுத்தே கூட்டிப்போங்கள். விற்பவருக்கு வேண்டப்பட்ட மெக்கானிக்கைத் தவிர்த்துவிடுங்கள்.

வண்டி தேறிவிட்டது. இனிமேல்தான் கவனமாக இருக்க வேண்டிய கட்டம், காகிதம். ‘ஃபாரம் 29, 30இல் ஓனர் கையெழுத்து போட்டே இருக்கு, எப்ப வேணா மாத்திக்கலாம்’ என்பதுதான் பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடைகளிலும் புரோக்கர்களிடமும் அடிக்கடி கேட்கும் வார்த்தை. அந்த ‘எப்ப வேணா’வில்தான் குடும்பங்கள் அகப்பட்டுக்கொள்கின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அபராதத்துக்குப் பயந்து மட்டும் செய்ய வேண்டிய வேலையாக இதைப் பார்க்காதீர்கள். கட்டாய இன்ஷூரன்ஸோடு, வண்டி ஓட்டும் உரிமையாளருக்கென்று 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு ஒன்று இருக்கிறது. அது கிடைக்க ஆர்.சி.யிலும் பாலிசியிலும் அவர் பெயர் இருக்க வேண்டும், செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். பழைய ஓனர் பெயரிலேயே ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால், அந்தக் காப்பிலிருந்து வீட்டுக்கு ஒரு ரூபாயும் வராது. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் வண்டியோடு தானாக வாங்கியவருக்கு வந்துவிடும் என்று 157ஆம் பிரிவு சொல்கிறது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்வதும் அதே பிரிவுதான்.

விற்கிறவர் சுணங்கினால் அவருக்கு நவீன் குமார் – விஜய் குமார் வழக்கைச் சொல்லுங்கள். விஜய் குமார் 2007இல் தம் காரை விற்றார். அது பல கை மாறியது, ஆனால் பதிவேட்டில் பெயர் மாறவில்லை. 2009 மே மாதம் நடந்த விபத்தில் ஓர் உயிர் போனது. இழப்பீடு யார் தருவது என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 பிப்ரவரி 6ஆம் தேதி தீர்ப்பு வந்தது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், பொறுப்பும் அவருடையதே. விற்று இரண்டு வருஷம் ஆனவர் தலையில் அந்தச் சுமை விழுந்தது. இதைக் கேட்ட பிறகு எந்த ஓனரும் உங்களோடு சேர்ந்து பெயர் மாற்ற வராமல் இருக்க மாட்டார்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் எந்தக் கம்பெனியில் என்பதெல்லாம் தெரியும். இ-சலான் பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஆர்.சி.யில் எச்.பி. என்று கடன் குறிப்பு இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் ஃபாரம் 35உம் கைக்கு வராமல் முழுப் பணம் தர வேண்டாம். டியூ கட்டாமல் சீஸ் செய்து ஏலத்தில் வந்த வண்டி என்றால் ஃபைனான்ஸ் கம்பெனியின் விற்பனைக் கடிதம் வேண்டும். சேஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் துணியால் துடைத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி இருப்பதால் பிஒய்-01 வண்டிகள் விலை குறைவாகக் கிடைக்கும். வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு ஃபாரம் 28இல் தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே ஆயுட்கால வரியும் கட்ட வேண்டும். குறைந்த விலையோடு அந்த வரியையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். பதினைந்து வருஷம் முடியப்போகும் வண்டிக்கும் இப்படித்தான். எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க 1,000 ரூபாய் கட்டணம், இருபது வருஷம் தாண்டினால் 2,000. அதோடு பசுமை வரி, அந்தச் சோதனைக்கு வண்டியைத் தயார்செய்யும் செலவு. மறுபதிவு முடித்த ஆர்.சி. கையில் இருந்தால் ஒழிய அப்படிப்பட்ட வண்டிக்குப் பேரமே பேசாதீர்கள்.

கன்சல்டிங் கடையில் வாங்குவது தப்பில்லை. 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரம் செய்கிறவர் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், ஓனர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததும் அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அந்தச் சான்றைக் காட்டுங்கள் என்று மரியாதையோடு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பணத்தைப் பிரிக்கும் விதம் இப்படி. கையில் 40,000 இருந்தால் வண்டியின் விலை 31,000, 32,000க்கு மேல் போகக் கூடாது. மீதியில் இரண்டு டயர் 3,000 முதல் 4,000 வரை இழுக்கும். செயின் செட், பிரேக் ஷூ, ஆயில், கேபிள் எல்லாம் சேர்ந்து ஒரு 2,000. பெயர் மாற்றச் செலவு தனி. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை வருஷத்துக்கு 714 ரூபாய் என்றும், 150ஐத் தாண்டி 350 வரை 1,366 என்றும் 2022 ஜூனில் அரசு நிர்ணயித்தது. வரி தனி. 155 சிசி ஆர்15 வாங்குகிறவர் அந்த ஐந்து சிசிக்காக ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டுகிறார். ஹெல்மெட்டுக்கு 1,500 ரூபாய் ஒதுக்குங்கள். ஐஎஸ் 4151 முத்திரை உள்ளதாக, தாடைப் பட்டையைப் பூட்டித் தலையை உலுக்கினால் நகராததாகப் பாருங்கள். பின்னால் அம்மாவோ தங்கையோ உட்காருவார்கள் என்றால் இரண்டு வாங்குங்கள்.

இரண்டு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர், அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அந்த வருஷம் எண்ணிக்கையில் மிக அதிக விபத்துகள், 64,105, நடந்த மாநிலம் தமிழ்நாடு. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் நமக்குப் பக்கத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. இந்தத் தகவல் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

வண்டியை எடுக்கும் நாளில் ஒப்படைப்புக் கடிதம் ஒன்று இருவரும் கையெழுத்திட்டு எழுதிக்கொள்ளுங்கள். தேதி மட்டும் போதாது, நேரமும் எழுதுங்கள். காலை 10.40க்கு வண்டி கைமாறியது என்று இருந்தால், அதற்கு முன்பு விழுந்த சலானும் நடந்த சங்கதியும் உங்கள் தலைக்கு வராது. பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவோ யுபிஐ மூலமாகவோ ஓனர் பெயருக்கே அனுப்புங்கள்.

கடைசியாக, இந்தப் பணத்தில் பங்கு போடும் அப்பா அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். பையனுக்குப் பதினாறு, பதினேழுதான் ஆகிறது, பள்ளிக்கூடம் தூரம், அதனால் இப்போதே பழைய வண்டி ஒன்று வாங்கித் தந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கியர் வண்டிக்கு வயது 18. பதினாறு வயதில் கியர் இல்லாத 50 சிசி வண்டிக்கு மட்டும்தான் சட்டம் இடம் தருகிறது. 2019இல் சேர்ந்த 199ஏ பிரிவின்படி, வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றமானால் பெற்றவருக்கோ வண்டி ஓனருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது. பதினெட்டு முடிந்ததும் எல்.எல்.ஆர். போடச் சொல்லுங்கள். அதன் ஆறு மாதக் காலத்துக்குள் வீட்டு வண்டியிலேயே, பெரியவர் ஒருவர் கூட இருக்க, எட்டு போட்டுப் பழகட்டும். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு மெக்கானிக் அண்ணனோடு வண்டி பார்க்கப் போகட்டும். அதுவரை மகளிர் குழுவில் கடன் எடுக்க வேண்டாம்.